நிகர எடை

சுங்காயில் இரவு
இருபத்தாறு டிகிரிக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது.
தக்காளிப் பூவுக்கு அது ஆகாது.
ஆகாததை வாய்விட்டுச் சொல்லாது.
காம்புக் கணுவில் மெல்ல மஞ்சள் ஏறும்,
மறுநாள் பூ தரையில் கிடக்கும்.

ஏழு பெயிண்ட் வாளிகள், மூன்றாம் மாடி பால்கனியில்.
கறுப்பு கூடாதென்று தெரியாமல்
மூன்று கறுப்பு வாங்கிவிட்டேன்.
மதியம் இரண்டுக்கு மண்ணில் விரல் விட்டால்
இறக்கிய கஞ்சிப் பானை.
வேர் வெந்து மூன்றும் போயின.
வெள்ளை வாளியில் ஒன்று
காலையில் பச்சையாக நின்றது,
மாலையில் பச்சையாகவே தொங்கியது.
தண்டை வெட்டித் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன்:
பால் போல ஒரு நூல் இறங்கியது.
நோய்க்குப் பெயர் வாடல்.
மருந்துக்குப் பெயர் இல்லை.

விதை தபாலில் வந்தது, குளுவாங்கிலிருந்து.
அனுப்பிய மிஸ் லிம்மை நான் பார்த்ததில்லை.
உறைமேல் எழுதியிருந்தாள்:
கறுத்த பழம். பன்னிரண்டு வருடமாக என்னிடம்.
பிள்ளை தாயைப் போலவே வரும்.
நூலைப் போல சேலை, என்று நான் முடித்துக்கொண்டேன்.
பாசார் தக்காளியை விதைத்துப் பார்த்தவளுக்குத் தெரியும்,
அங்கே நூல் ஒன்று, சேலை வேறு.

'மலைத் தக்காளி லோரி லோரியாக இறங்குது,
கிலோ நாலு ரிங்கிட்,
உனக்கென்ன கேடு?' என்றாள் எதிர்வீட்டு மரகதமணி.
நாலு ரிங்கிட்தான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு சுண்டை.
ரயில் தண்டவாளத்தோரம் கேட்பாரற்று வளரும் சுண்டை,
எந்த வாடலுக்கும் தலை குனியாதது.
அதன் காலில் என் செடியின் தலையைச்
சாய்வாகச் சீவி ஒட்டி
ஸ்ட்ரா துண்டால் கவ்வி
ஐஸ்கிரீம் டப்பாவைக் கவிழ்த்து
ஐந்து நாள் கட்டிலுக்கடியில் இருட்டில் வைத்தேன்.
'கீழே என்ன, பிரசவ வார்டா?' என்றார் தர்மசீலன்.
ஆமாம், சத்தம் போடாமல் தூங்குங்கள்.

ஏழு மணிக்கு ஆலையிலிருந்து வருவேன்.
பேட்டரி பிரஷை எடுத்துப்
பூவின் பின்கழுத்தில் வைப்பேன்.
ரீங்காரம். நகத்தில் மஞ்சள் தூள்.
(பல்லுக்கு வேறு பிரஷ் இருக்கிறது.)
செம்பனைக்கே கேமரூனிலிருந்து வண்டு இறக்கித்தான்
காய் பிடிக்க வைத்தார்கள்.
மூன்றாம் மாடிக்கு யார் இறக்குவார்?

நவம்பரில் நாலு நாள் அடைமழை.
இரவு இருபத்திரண்டு.
ஒரு பூ விழவில்லை.

ஒன்றுதான்.
தோளில் பச்சை, வயிற்றில் பழைய ரத்த நிறம்,
மழை குடித்து உச்சியில் ஒரு வெடிப்பு.
சாப்பாட்டு டப்பாவில் வைத்து வேலைக்கு எடுத்துப் போனேன்.
ஏனென்று கேட்காதீர்கள்.

நான் எடை மேடை கிளார்க்.
பதினாலு டன், பதினாறு டன் என்று
ராத்திரி முழுக்கப் பழம் ஏறி இறங்கும்.
செம்பனைக் குலையையும் பழம் என்றுதான் சொல்கிறோம்.
மூன்று மணிக்கு லோரி இல்லாத நேரம்
இறங்கிப் போய் மேடை நடுவில் வைத்துவிட்டு
ஓடி வந்து திரையைப் பார்த்தேன்.
சுழி.
பத்து கிலோவுக்குக் குறைந்த எதுவும்
அதற்கு ஒன்றுமில்லை.

அடுத்த லோரி சுபாண்டியுடையது.
விளக்கு வெளிச்சத்தில் பழம் தெரிந்து பிரேக் போட்டான்.
எடுத்து வந்து மேசையில் வைத்து,
கெட்டுப்போனதா, என்று கேட்டான்.
வெட்டினேன். பாதி அவனுக்கு.
நின்றபடியே தின்றான், சாறு முழங்கை வரை.
'உப்பு இருந்திருக்கலாம்' என்றான்.
வேறெதுவும் சொல்லவில்லை.
எனக்கும் அதுதான் தோன்றியது.
ஆனால் நாக்கின் ஓரத்தில் ஏதோ புகை மாதிரி ஒன்று,
விடியும் வரை இருந்தது.

விதையைப் புளிக்க வைத்துக் கழுவ வேண்டும்.
கண்ணாடித் தம்ளர் இல்லை, நேரமும் இல்லை.
கைக்கு அகப்பட்ட எடைச்சீட்டின் முதுகில்
வழுவழுப்போடு பரப்பினேன். பத்தொன்பது.
முன்பக்கம் மொத்த எடை, காலி எடை, நிகர எடை,
மூன்று கட்டமும் வெறுமையாக.

சீட்டுக்கு எண் உண்டு. கணக்குக் காட்ட வேண்டும்.
40716, ரத்து, என்று பதிவேட்டில் எழுதினேன்.
காரணம் கேட்கும் இடத்தில்:
ஈரம்.